குளித்தால்தான் மிட்டாயா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், யசோதையின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடியவர். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு வித்து அவருடைய திருமொழியில் இருக்கிறது என்பார்கள். அதில் ஒரு பதிகம் நீராட்டத்தைப் பற்றியது. உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக நிற்கிற பிள்ளையைத் தாய் குளிக்கக் கூப்பிடுகிறாள். அவன் வருவதாக இல்லை. பாலும் வெல்லமும் கலந்து அப்பமும் சிற்றுண்டியும் சுட்டு வைத்திருக்கிறேன், தின்ன ஆசையிருந்தால் குளிக்க வா என்று அழைக்கிறாள். காது குத்தும் பதிகத்திலும் இதே வழிதான். காது நோகும், மாட்டேன் என்கிறது பிள்ளை. பழம் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறாள் தாய்.

ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் இந்தப் பேச்சு மாறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாக மலையடிவாரத்துக் கூமாப்பட்டிக்குப் போனாலும், இந்தப் பக்கம் இராஜபாளையத்துக்கு வந்தாலும், வீட்டுக்கு வீடு கேட்கக்கூடியதுதான். குளிச்சிட்டு வந்தா முட்டாய். அழாம ஊசி போட்டுக்கிட்டா சாக்லேட். தட்டுல மிச்சம் வைக்காட்டி ஒரு துண்டு பால்கோவா. மாமாவுக்கு முத்தம் கொடுத்தா இன்னொண்ணு. இப்படிச் சொல்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் வேலைக்கு நேரமாகிவிட்ட தாய்மார். பேரப்பிள்ளையைத் தனியே சமாளிக்கிற அப்பத்தாக்கள், அம்மாச்சிகள். ஆனாலும் இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஒரு பிள்ளையின் இசைவை, இனிப்பை விலையாக வைத்து வாங்கலாமா? வாங்கினால், அந்தப் பிள்ளையிடமிருந்து பெரியவர்கள் உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறார்கள்?

மாட்டேன் என்று சொல்லும் திறனைத்தான். சர்க்கரை நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு; அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இங்கே கவலை கொடுக்கும் முறையைப் பற்றியது. இனிப்பைக் கூலியாகவே வாங்கிப் பழகிய பிள்ளை ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது: பெரியவர் சொன்னதைச் செய்தால் இனிப்பு வரும், செய்யாவிட்டால் வராது. கற்பிப்பவர் தாயாக இருக்கும்வரை அதில் பெரிய கேடு தெரியாது. கற்ற பாடத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேறொருவர் வரும்போதுதான் தெரியும். வீட்டில் நடக்கிற பேரமும் வெளியே வைக்கப்படுகிற தூண்டிலும் ஒரே விதமாகச் செய்யப்பட்டவை. இரண்டிலும் இனிப்பு முன்னால் காட்டப்படுகிறது, நிபந்தனை பின்னால் வருகிறது, நிபந்தனையைத் தீர்மானிப்பவர் பெரியவராகவே இருக்கிறார்.

இந்த ஆபத்து பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற மருந்து அச்சம். தெரியாதவங்க முட்டாய் கொடுத்தா வாங்காதே, பிள்ளை பிடிக்கிறவன் கோணியில போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான் என்று சொல்லி வளர்க்கப்படாத தமிழ்ப் பிள்ளை குறைவு. அந்த அச்சம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதைத் தமிழ்நாடு 2018-இல் பார்த்தது. அந்த ஆண்டு வடநாட்டிலிருந்து பிள்ளை கடத்தும் கும்பல் வந்து இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் பொய்ச்செய்தி ஊர் ஊராகப் பரவியது. மே 9-ஆம் நாள், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வழி தெரியாமல் வண்டியை நிறுத்தியது. அவர்களில் ஒரு முதிய பெண் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அது போதுமானதாக இருந்தது. ஊர் திரண்டது. தப்பி ஓட முயன்றவர்களைத் துரத்திப் பிடித்து அடித்தார்கள். சாக்லேட் கொடுத்த பெண் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பல பேர் கைதானார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அத்திமூரில் கை ஓங்கியவர்கள் தங்களைப் பிள்ளைகளின் காவலர்களாகத்தான் நினைத்திருப்பார்கள். இந்த வழக்கின் கொடுமையே அதுதான். பிள்ளையின் பெயரைச் சொன்னதும் பெரியவர்களுக்குத் தங்கள் செயலைத் தாங்களே கேள்வி கேட்கும் கடமை விட்டுப்போகிறது. வந்தவர் யார், எதற்கு வந்தார், கொடுத்தது என்ன என்று விசாரிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. விசாரணையைத் தேவையற்றதாக்கியது அச்சம் மட்டுமல்ல, தாங்கள் நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையும்தான். அந்தச் சாக்லேட்டை வாங்கிக்கொண்ட பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். அன்று அவர்கள் கற்றது என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. தங்களுக்கு ஒருவர் அன்பாக எதையோ கொடுத்தார். தங்களைக் காப்பதாகச் சொல்லி ஊரார் அவரைக் கொன்றார்கள்.

இத்தனை அச்சத்தையும் ஊட்டி வளர்த்தபின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றி ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியிருந்தவர்கள் என்றது. 2012-இல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கப் போக்சோ சட்டம் வந்தது. அதன்கீழ் பதிவாகும் பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்கு அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக்கொடுப்பவர், குடும்ப நண்பர். கோணிப்பையோடு வருகிற அந்நியரைச் சுட்டிக்காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இவர்களை அடையாளம் காணத் தெரியாது. இவர்கள் கொடுக்கும் மிட்டாயை வாங்கக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. வாங்கு, மாமா ஆசையாத் தர்றாங்கல்ல என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே மாமாவுக்கு முத்தம் கொடுத்தால் இன்னொரு மிட்டாய் என்பதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதன் உடம்பு அதற்குச் சொந்தம் என்பதை அது தன் வழியில் தெரிவித்துவிட்டது. கூடியிருக்கிற பெரியவர்கள் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றுகிறார்கள். கடைசியில் முத்தம் கிடைக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்த மாமா நல்லவராகவே இருக்கட்டும். பிள்ளை கற்றது அவரைப் பற்றி அல்லவே. தன் விருப்பமின்மைக்கு விலை உண்டு, விலை கொடுத்தால் அது மாற வேண்டும், மாறினால் எல்லோரும் மகிழ்வார்கள் என்பதை அது கற்றது. தெரியாதவரிடம் வாங்காதே என்ற அறிவுரையை இந்த ஒரு பயிற்சி தினமும் அழித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பிள்ளையின் மாட்டேன் எல்லாவற்றையும் மதித்தால் பிள்ளை வளர்க்க முடியுமா? தட்டம்மைத் தடுப்பூசி வேண்டாம் என்று இரண்டு வயதுப் பிள்ளை முடிவெடுக்க முடியாது. பல் தேய்க்காமல், குளிக்காமல் விட்டுவிடவும் முடியாது. அடித்து இழுத்துக்கொண்டு போவதைவிட மிட்டாய் காட்டி அழைத்துப் போவது மேல் இல்லையா? மேல்தான். அடியோடு ஒப்பிட்டால் எதுவும் மேல். ஆனால் பிள்ளையின் சம்மதம் தேவையில்லாத காரியத்தில் சம்மதம் கேட்பதுபோல நடிக்கவும் வேண்டியதில்லை. ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும், வலிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும், அம்மா பிடித்துக்கொள்கிறேன் என்று உள்ளதைச் சொல்லலாம். ஊசி போட்டபின், அழுதாலும் அழாவிட்டாலும், மிட்டாய் கொடுக்கலாம். அப்போது அது ஆறுதல். அழாம இருந்தால்தான் என்று சொன்ன நொடியில் அது அழுகையை அடக்கியதற்குக் கூலி. ஒரே மிட்டாய்தான், ஒன்றில் பிள்ளையின் வலிக்கு மதிப்பு இருக்கிறது, மற்றதில் அந்த வலியை மறைத்ததற்கு.

பெரியாழ்வாரின் யசோதையை இந்த வழக்கில் குற்றவாளியாக நிறுத்த மனம் வராது, நிறுத்தவும் வேண்டாம். அந்தப் பதிகத்தைப் படிக்கிற யாருக்கும் ஒன்று விளங்கும். பிள்ளை குளிக்க வராமலே போனாலும் சுட்டு வைத்த சிற்றுண்டி அவனுக்குத்தான். அவளால் அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அவனுக்கும் அது தெரியும். அங்கே நடப்பது கெஞ்சல். பேரத்தில் ஒரு பக்கம் தோற்க வேண்டும். கெஞ்சலில் பெரியவர் தம் அதிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிகிறார். வீட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பிள்ளை கடைசிவரை மாட்டேன் என்றே நின்றுவிட்டால், அன்று மாலை அந்தத் தின்பண்டம் அதற்குக் கிடைக்குமா, கிடைக்காதா?

அதே திருமொழியில் இன்னொரு காட்சி பெரியவர்களை வேறு விதமாகச் சோதிக்கிறது. அயல்வீட்டுக்காரி யசோதையிடம் முறையிடுகிறாள்: உன் மகன் என் மகளின் கையிலிருந்த வளையலைக் கழற்றிக்கொண்டு போய், நாவற்பழம் விற்கிறவளிடம் கொடுத்துப் பழம் வாங்கிவிட்டு, நான் இல்லை என்று சிரிக்கிறான். திருட்டு, பொய் இரண்டும் இருக்கின்றன. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தித்திக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, எந்த ஊரிலும்தான், பெட்டிக்கடையில் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது முதுகில் ஓர் அறை. அது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கூடவே ஒரு பட்டமும். கற்பனைப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் மன்னிக்கிற மனம், உண்மைப் பிள்ளையிடம் ஒரு மிட்டாய்க்குக் கணக்குக் கேட்கிறது. அந்தக் காலத்தில் பத்துக் காசுக்குக் கமர்கட்டும் தேன்மிட்டாயும் வாங்கித் தின்றோமே என்று உருகுகிற பேச்சிலும் இதே பிளவுதான். உருகுபவர் நினைவில் நிற்பது அவருடைய சொந்தப் பிள்ளைப்பருவம். எதிரே நிற்கிற பிள்ளையின் பருவம் அவர் கண்ணில் படுவதில்லை.

பிள்ளையின் ஆசையைப் பெரியவர்கள் அளந்து பார்த்த கதைகளில் உலகறிந்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் கடைசியில் தொடங்கியது. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்தார். உடனே தின்றால் ஒன்று. ஆய்வாளர் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு. பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று தெரிந்ததும், மார்ஷ்மெல்லோ சோதனை என்ற பெயரில் அது பிள்ளை வளர்ப்புக்கு வேதமாகிவிட்டது. ஆசையை அடக்கு, பெரியவனாவாய். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து டைலர் வாட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் அதே கேள்வியைத் திரும்ப எடுத்தார்கள். தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பத்தின் வசதியையும் சூழலையும் கணக்கில் சேர்த்தபின் எஞ்சியது மிகக் கொஞ்சம். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 2013-இல், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்த சிறிய சோதனை இன்னும் கூர்மையானது. முதலில் படம் வரைய நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பிள்ளைகளிடம் இல்லையென்று கைவிரித்தார்கள். அதன் பிறகு தின்பண்டத்தை வைத்தார்கள். வாக்குத் தவறாத பெரியவரைக் கண்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்தான்.

இதைப் படிக்கிறவர் பிள்ளையின் பொறுமையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுப் பெரியவரின் வாக்கைப் பற்றித்தான் பேசத் தொடங்க வேண்டும். நாளைக்கு வாங்கித் தர்றேன் என்று எத்தனை முறை சொல்லி, எத்தனை முறை வாங்கித் தந்தார்கள்? உடனே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற பிள்ளை பெரும்பாலும் உலகத்தைச் சரியாகக் கணித்திருக்கிறது. அதற்குப் பேராசைக்காரன் என்று பெயர் வைப்பது அநியாயம்.

கூலி என்ற சொல்லை, இந்த ஊர்கள் இருக்கிற விருதுநகர் மாவட்டத்தில் பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்லும்போது குரல் தணிந்தே ஆக வேண்டும். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்தது பழங்கதை அல்ல. அப்படி வேலை செய்து வளர்ந்தவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். விடியுமுன் ஊருக்குள் வருகிற கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகள் அவர்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளில் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, சின்ன விரல்களுக்குத்தான் அந்த வேலை வரும் என்பது. வறுமை உண்மைதான், மழை பொய்த்த மண்ணில் அந்தக் காசு உலையில் அரிசியாக மாறியதும் உண்மைதான். ஆனால் பிள்ளையின் விரலைப் பார்த்ததும் அது எதற்குப் பயன்படும் என்று தோன்றுகிற கண் எப்படி உருவாயிற்று என்று கேட்கத்தான் வேண்டும். வேலைக்குப் போனா தீபாவளிக்குப் புதுச்சட்டை, பண்டம் என்று ஆசை காட்டி அனுப்பிய வீட்டிலும் அன்பு இருந்தது. அன்பு இருந்தும் நடந்தது.

நிபந்தனையில்லாமல் பிள்ளைக்குக் கொடுப்பதை இந்த மாநிலம் அறியாததல்ல. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. நன்றாகப் படித்தால்தான் சோறு என்று எந்தப் பள்ளியிலும் எழுதி வைக்கவில்லை. பிள்ளையாக இருப்பதே தகுதி. காலை உணவின் முதல் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு ரவா கேசரியோ சேமியா கேசரியோ உண்டு என்று எழுதியவர் யாராயினும், பசியாற்றுவதோடு பிள்ளைக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிடாது என்று அறிந்தவர். சோற்றில் செய்ய முடிந்ததை இனிப்பில் செய்ய வீடுகள் ஏன் தயங்குகின்றன?

தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணம் உடல்நலம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரியவந்தது. துணிக்குப் போடுகிற சாயம் அது. தமிழ்நாட்டிலும் மாதிரிகளைச் சோதித்து உறுதியானதும் பிப்ரவரி 17-இல் அரசு தடை விதித்தது. தடை சரியானது. ஆனால் அதன் பிறகு நடந்த பேச்சில் ஒரு பகுதி பிள்ளைகள் இப்படிக் கண்டதைத் தின்கிறார்களே என்று பிள்ளைகளின் பக்கம் திரும்பியது வருத்தத்துக்குரியது. சாயத்தை விற்றவர், வாங்கிக் கலந்தவர், சோதிக்காமல் இருந்தவர் எல்லோரும் பெரியவர்கள். ஒரு பிள்ளை தன் நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதைத் தெரிந்துகொள்ள முடியும்? ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போடுகிறவர் விற்கும் மிட்டாயில் விஷம் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளும் கடமை, தேர் பார்க்க வந்த பிள்ளைக்கு இல்லை. 2025-இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்கச் சொன்னார்கள். நல்லதுதான். அந்தப் பலகை முதலில் இருக்க வேண்டிய இடம், பிள்ளைக்கு எதை விற்பது என்று முடிவு செய்கிறவர்களின் மேசைக்கு எதிரே.

அளவு என்று வரும்போது சுவீடன் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மிட்டாய் நாள். வாரம் முழுக்க இல்லை. சனிக்கிழமை பிள்ளை தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்து ஒரு பை நிறைய வாங்கிக்கொள்ளலாம். நல்ல பிள்ளையாக இருந்தால் என்ற நிபந்தனை கிடையாது. கிழமை வந்தால் போதும். கேட்கவே இனிமையாக இருக்கிறது. ஆனால் அதன் பிறப்பில் ஒரு பெரும் தீங்கு கிடக்கிறது. 1940களின் பிற்பகுதியில் லுண்டு நகரை அடுத்த விப்பெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி செய்த டாஃபிகளை நாளெல்லாம் தின்னக் கொடுத்துப் பல் எப்படிச் சொத்தையாகிறது என்று ஆராய்ந்தார்கள். பலருடைய பற்கள் முற்றிலும் கெட்டன. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பதே பல்லுக்குக் கேடு என்று கண்டார்கள். அதிலிருந்துதான் வாரத்துக்கு ஒரு நாள் என்ற அறிவுரை வந்தது. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள், சொன்னாலும் கேட்கப்படாதவர்கள். நல்ல வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி கூமாப்பட்டி. 2025-இன் நடுவில், ஏங்க என்று தொடங்கி ஊருக்கு அழைத்த ஓர் உள்ளூர் இளைஞரின் ரீல்ஸால், பிளவக்கல் அணைகளுக்குப் பக்கத்திலிருக்கிற அந்த ஊரைத் தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. கூட்டம் கூட்டமாக வண்டிகள் வந்தன. வயலையும் தென்னந்தோப்பையும் கண்மாயையும் பார்க்க வருகிறவர் தெருவோரம் நிற்கிற பிள்ளைகளையும் பார்ப்பார். வண்டியில் ஒரு பை சாக்லேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கலாமா?

அத்திமூரை நினைத்துக்கொண்டு கொடுக்காமல் போவது பாதுகாப்பு. ஆனால் அந்நியர் எல்லோரும் பிள்ளையைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு விலகிப் போகிற நாடு பிள்ளைகளுக்கு நல்ல நாடாக இருக்க முடியாது. பார்க்க வேண்டியது கொடுக்கும் கையில் இன்னொன்று இருக்கிறதா என்பதை. இன்னொரு கையில் செல்போன் இருந்து, சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஏங்க என்று சொல்லு, ஒரு ஆட்டம் ஆடு என்றால், அங்கே கொடை நடக்கவில்லை; பிள்ளையின் முகம் ஒரு சாக்லேட்டுக்கு வாங்கப்பட்டு, முகம் தெரியாத இலட்சம் பேருக்குக் காட்டப்படுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவளாகும் நாளிலும் அந்தக் காட்சி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். கொடுப்பவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசி, பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமாங்க என்று கேட்டு, இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, எதையும் கேட்காமல் வண்டியை எடுத்தால், அதில் குறையில்லை. வாங்க மறுக்கிற பிள்ளையை வற்புறுத்தாமல் விடுவதும் அந்தக் கொடையில் சேர்ந்ததுதான்.

மலையடிவாரத்தில் பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் உண்டு. வத்திராயிருப்புப் பக்கமும் செண்பகத்தோப்பிலும். அங்கே போகிறவர்கள் காரின் கண்ணாடியை இறக்கிப் பிஸ்கட்டையும் மிட்டாயையும் நீட்டுவதை ஒரு புண்ணியமாக நினைக்கிறார்கள். பரம்பரையாக மலைத்தேன் எடுக்கிறவர்கள் அவர்கள். இனிப்பு அவர்களுக்குப் புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் பளியரோடு தங்கி ஆய்ந்த பீட்டர் கார்ட்னர் என்ற மானிடவியலாளர், ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமையையும், வயது பாராமல் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் மதிப்பதையும் அவர்கள் வாழ்வின் அடிப்படையாகக் கண்டு எழுதினார். அந்த மதிப்புப் பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளையின் மாட்டேனுக்குச் செவி கொடுக்கிற ஒரு சமூகம் பக்கத்திலேயே இருக்கும்போது, அதற்கு மிட்டாய் நீட்டிப் பழக்குகிறார்கள் சமவெளியிலிருந்து போகிறவர்கள்.

பிள்ளை என்றால் வாங்கிக்கொள்ளும் கை என்ற எண்ணமே இத்தனைக்கும் அடியில் கிடக்கிறது. பிள்ளைகள் கொடுக்கிறவர்களும்கூட. பிறந்தநாளன்று வண்ண உடையில் பள்ளிக்கு வந்து வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வாங்கி வர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கவனிக்கிற ஆசிரியர்கள், மாதத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் பொதுவாகக் கொண்டாடிவிடலாம். பெரிய செலவு இல்லை.

பெரியவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே ஏற்படுத்திக்கொண்ட ஒரு முறையும் உண்டு. இரண்டு பேர், ஒரு மிட்டாய். எச்சில் படக்கூடாது. சட்டையின் ஓரத்தால் மிட்டாயை மூடி, துணியோடு சேர்த்துக் காக்காய்க்கடி கடித்து உடைக்கிறார்கள். உடைத்தவர் பெரிய துண்டை எடுத்துக்கொண்டால் சண்டை வரும்; அதனால் பல இடங்களில் உடைத்தவர் கையை நீட்ட, மற்றவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். நீ எனக்கு என்ன செய்தாய் என்று அங்கே கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிறாய், அதனால் உனக்கும் உண்டு. சட்டையில் ஒட்டிய சாயக்கறைக்காக அன்று சாயங்காலம் வீட்டில் திட்டு விழும்.